தெரியாத வண்டி

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்குங்க சார். இந்த மூலை கூர்மையா இருக்கு. வண்டி குலுங்கினா உங்க முழங்கால்ல இடிச்சிடும். அப்புறம் தொப்பூர் இறக்கத்துல என்னைத் திட்டுவீங்க.

டிவி இல்ல சார். கம்ப்யூட்டர். முழுக் கம்ப்யூட்டர் இல்ல, இந்தப் பொட்டி மட்டும். சிபியூன்னு சொல்வாங்க. படம் தெரியிறது, தட்டுறது, கேமரா எல்லாம் கிருஷ்ணகிரியில வீட்டோட கிடக்கு. மூளையை மட்டும் மடியில வச்சு எடுத்துட்டுப் போறேன். மேல வைக்கச் சொன்னார் கண்டக்டர். மேல வச்சா ஆடும், ஆடினா உள்ள இருக்கிறது போயிடும். லக்கேஜ் வேணும்னா போட்டுக்குங்க, மடியை விட்டு இறக்க மாட்டேன்னுட்டேன்.

ரிப்பேருக்கு இல்ல சார். ரிப்பேருன்னா எங்க ஊர்லயே கடை இருக்கு. ஈரோட்டுல என் மச்சான் வீட்டுக்குப் போறேன். வையாபுரின்னு பேரு, மஞ்சள் மண்டியில கணக்கு பாக்கிறார். என் வீட்டுக்காரி வனஜா இப்ப அங்கதான் இருக்கா. அவளுக்கு இதுல ஒரு படம் காட்டணும். ஒரே ஒரு படம். அதுக்குத்தான் இந்தப் பாடு.

பென் டிரைவா? வேணாம் சார். வைரஸே அதுலதான் வருது.

நீங்க சேலத்துல இறங்கறீங்களா, ஈரோடு வரைக்கும் வர்றீங்களா? ஈரோடா? அப்ப சரி. அப்ப முழுசாவே சொல்றேன். நீங்க நடுநிலையா கேளுங்க. கேட்டுட்டு, தப்பு எங்கேன்னு சொல்லுங்க.

நான் வணிகவரித் துறையில இருந்து ரிட்டையர் ஆனவன். சர்வீஸ்ல பாதிக்கு மேல பார்டர் செக்போஸ்ட்ல போச்சு. ஒரே பொண்ணு, சுகந்தி. கட்டிக்குடுத்து நெதர்லாந்துல இருக்கா. மாப்பிள்ளைக்கு அங்க வேலை. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி நாலஞ்சு வருஷம் கழிச்சு உண்டானா. எங்க பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் சார். உங்க பக்கமும் அப்படித்தானே? ஆனா அவளுக்கு ஆரம்பத்துலயே பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, ஏரோப்ளேன் ஏற வேணாம்னுட்டாங்க அங்க டாக்டருங்க. சரி, அம்மாவை அனுப்புங்கப்பான்னா. மொழி தெரியாத ஊரு. வனஜா பக்கத்து ஊருக்குக்கூட தனியா போனவ இல்ல. எப்படி அனுப்புறது? வேணாம்னுட்டேன். தப்பா?

அப்புறம்தான் மாப்பிள்ளை சொன்னார், ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடுங்க மாமா, கேமரா வச்சுட்டா தினம் மூஞ்சி பாத்துப் பேசலாம்னு. வாங்கினேன். பிராட்பேண்டும் போட்டேன். எல்லாம் நான்தான். வனஜாவுக்கு சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலமானா தலை வாரி, பூ வச்சு, கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்துடுவா. அங்க மதிய நேரம். சுகந்தி சமைக்கிறதை இவ இங்கிருந்து பாத்து, உப்பைக் குறை, புளியைக் குறைன்னு சொல்லிக்கிட்டு இருப்பா. எந்திரிச்சு நில்லு, வயித்தைக் காட்டு, காலைக் காட்டுன்னு சொல்லிச் சொல்லிப் பாப்பா. பாத்து முடிச்சதும் ஒரு படம் பிடிச்சு வச்சுக்குவா. அதுக்கு எந்த பட்டனை அமுக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வெள்ளிக்கிழமைன்னா உப்பு மிளகாய் எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டரைச் சுத்திச் சுத்திப் போடுவா. அது நெதர்லாந்து வரைக்கும் போகுமாடின்னு கிண்டல் பண்ணுவேன். படம் போகுதில்ல, இதுவும் போகும்னு சொல்வா.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்தது.

நான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவேன். வாங்கின பொருளைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும்ல. அதுல ஒரு கட்டுரை. நம்ம வீட்டுக் கேமரா வழியா எவனோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு நம்மளைப் பாக்கலாமாம். நமக்கே தெரியாதாம். வயித்துல புள்ளையோட ஒரு பொண்ணு தினம் அங்க நிக்கிறா, எவனோ ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்னா? கட்டுரையிலேயே வழியும் போட்டிருந்தான். ஃபயர்வால். தமிழ்ல தீச்சுவர்னு போட்டிருந்தான். அந்தப் பத்திரிகையோடவே சிடி இலவசம். நீ உப்பு மிளகாய் சுத்து, நான் இதைப் போடுறேன்னு போட்டேன். பொண்ணுக்காகப் போட்டது சார். வேற எதுக்கும் இல்ல. இதை வனஜா இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கல.

போடுறதே பெரும் பாடு. பாதி வரைக்கும் போகும், நின்னுடும். ஏற்கனவே உள்ள ஒண்ணு இருக்கு, அதை எடுன்னு சொல்லும். எடுத்தா, எடுத்தது சரியா எடுபடலைன்னு சொல்லும். அணைச்சுப் போடு, மறுபடி அணைச்சுப் போடுன்னு ரெண்டு நாள் என் உயிரை வாங்கிட்டுத்தான் உக்காந்துச்சு. உக்காந்த உடனே கேள்வி கேக்க ஆரம்பிச்சது. மூலையில ஒரு சின்னக் கட்டம் எந்திரிக்கும். இன்னார் வெளிய போகணும்ங்கறார், அனுமதிக்கலாமா, தடுக்கலாமா? இன்னார் உள்ள வரணும்ங்கறார், அனுமதிக்கலாமா, தடுக்கலாமா? எல்லாம் இங்கிலீஷ்ல. பேரெல்லாம் பேரா சார் அது? எழுத்தும் நம்பருமா இருக்கும்.

மத்தவங்கன்னா பயந்திருப்பாங்க. எனக்கு இது பழகின வேலை. செக்போஸ்ட்ல நாங்க பண்ணினது இதேதான். எங்களுக்கு ஒரு முறை உண்டு சார். பேப்பர்ல சந்தேகம் வந்துச்சுன்னா வண்டியை ஓரங்கட்டுன்னு சொல்லிடுவோம். டிரைவர் கிட்ட நின்னு வாதாடுறது கிடையாது. நியாயமான சரக்கா இருந்தா ஓனர் தேடிக்கிட்டு வருவான், பேப்பரைக் காட்டுவான், எடுத்துட்டுப் போவான். தேடி வராத சரக்கு திருட்டுச் சரக்கு. இன்னொண்ணும் சொல்றேன். என் சர்வீஸ்ல தப்பா நிறுத்தினதுக்காக எவனும் மெமோ வாங்கி நான் பாத்ததில்ல. தப்பா விட்டவன்தான் வாங்கியிருக்கான்.

அதனால இங்கயும் அதே முறை. தெரிஞ்ச பேரா, விடு. தெரியாத பேரா, தடு. கீழ ஒரு சின்னக் கட்டம் இருக்கும், இந்தப் பதிலை எப்பவும் ஞாபகம் வச்சுக்கவான்னு. அதுலயும் ஒரு டிக். ஒரே வண்டியை தினம் தினம் விசாரிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? எவனோ ஒருத்தன் ஒரே பேர்ல ஏழெட்டு தடவை வந்து நிக்கிறான். ஒரே நம்பர் பிளேட்ல ஏழெட்டு லாரி வந்தா என்ன அர்த்தம்? அத்தனையும் தடுத்தேன். நெட்டே நின்னுடுச்சு. அப்புறம் பிராட்பேண்ட் ஆபீஸ்ல கேட்டு, அவனுங்க நம்ம ஆளுங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டு, விட்டேன். இன்னொரு தடவை ஒரு நம்பர் உள்ள வரணும்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பிடிவாதமா தடுத்தேன். அப்புறம் பாத்தா, அது இந்தக் கம்ப்யூட்டரோட சொந்த நம்பராம். தனக்குத்தானே பேசிக்குமாம். அது எனக்கு எப்படித் தெரியும்?

சிரிக்காதீங்க சார். ஆனா சிரிக்கலாம், இது வரைக்கும் சிரிக்கிற கதைதான்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் வேற யாரும் கை வச்சு மாத்திடக் கூடாதுன்னு ஒரு பாஸ்வேர்டும் போட்டு வச்சேன். சுலபமா கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கக் கூடாதுன்னு பத்திரிகையில இருந்தது. ரொம்பக் கஷ்டமாவே போட்டேன். எங்கயும் எழுதி வைக்கக் கூடாதுன்னும் இருந்தது. எழுதி வைக்கல.

ஏழாம் மாசம் வளைகாப்பு. பொண்ணு அங்க, வளையல் இங்க, எப்படிப் போடுறதுன்னு யோசிச்சு, வனஜா ஒரு வழி கண்டுபிடிச்சா. முன்கூட்டியே வளையலைப் பார்சல்ல அனுப்பிட்டா. அன்னிக்கு அங்க மாப்பிள்ளையோட சிநேகிதர் சம்சாரம் ரெண்டு பேர் வந்து போடணும். இங்க எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாத்து, பாட்டு பாடணும், ஆரத்தி எடுக்கணும். புளிசாதம், தேங்காசாதம், எலுமிச்சை சாதம், எல்லாம் தட்டுல வச்சு கேமரா முன்னாடி வரிசையா இருக்கு. கூடத்துல நிக்க இடமில்ல. சுகந்தி பச்சைப் புடவை கட்டிக்கிட்டு வந்து உக்காந்தா. எல்லாரும் ஒரே குரல்ல, கன்னமெல்லாம் பூசி எவ்வளவு அழகாயிட்டான்னாங்க. வனஜா ஒரு படம் பிடிச்சுக்கிட்டா. மொத வளையல் கையில ஏறுது.

மூலையில கட்டம் எந்திரிச்சது.

இதை நல்லாக் கவனிங்க சார், இதுதான் முக்கியம். நாங்க மூஞ்சி பாத்துப் பேசுற புரோகிராம் அன்னிக்குக் காலையில தானா ஒரு புது உருவத்துக்கு மாறியிருக்கு. என்னைக் கேக்கல, யாரையும் கேக்கல. பேரு அதே பேரு. ஆனா ஆளு மாறியிருக்கு, முன்ன இருந்தது இது இல்ல, விடலாமா, தடுக்கலாமான்னு ஃபயர்வால் கேக்குது. அதே நம்பர் பிளேட், வேற பெயிண்ட் அடிச்ச லாரி. அதைப் பாத்தா செக்போஸ்ட்காரன் என்ன பண்ணுவான்? யோசிக்கவே மாட்டான். நானும் யோசிக்கல. கை தானா போச்சு. தடு, டிக்.

கம்ப்யூட்டர் கறுப்பாயிடுச்சு. பாட்டு பாதியில நின்னுடுச்சு. கரண்ட் போச்சான்னு யாரோ கேட்டாங்க. ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தது.

திரும்பத் திறக்கப் போனா பாஸ்வேர்டு கேக்குது. எல்லாப் பொம்பளைங்களும் பின்னாடி நிக்கிறாங்க. வேர்த்து ஊத்துது எனக்கு. ஞாபகத்துல இருந்ததை எல்லாம் போட்டுப் பாக்கிறேன், தப்பு தப்புன்னு சொல்லுது. அரை மணி நேரம் கழிச்சு ஒவ்வொருத்தரா தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. கடைசியில வனஜா மட்டும் நின்னா. சத்தம் போடல, சார். மெதுவாத்தான் கேட்டா.

"அதுல விடலாம்னும் ஒண்ணு இருந்துச்சே. அதை ஏன் அமுக்கல?"

"தெரியாத வண்டியை எப்படி விடுறது?"

"அது தெரியாத வண்டி இல்லைங்க. நம்ம பொண்ணு."

அவளுக்கு இது புரியாதுன்னு விட்டுட்டேன். டெக்னிக்கல் விஷயம்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. அடுத்த நாளே அந்த ஃபயர்வாலை அடியோட எடுத்துடலாம்னு பாத்தேன். எடுக்கிறதுக்கும் அதே பாஸ்வேர்டு கேக்குது. கம்பெனிக்கு மெயில் போடலாம்னா மெயிலையும் தடுத்து வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கிறவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். பாத்துட்டு, ஃபார்மட் பண்ணிடலாம் சார்னார். அப்படின்னா என்னன்னேன். எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போடுறதுன்னார். உள்ள இருக்கிற படமெல்லாம்? தனியா எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் திரும்பப் போடலாம்னார். எங்க எடுத்து வைப்பீங்க? என் கடைக் கம்ப்யூட்டர்லன்னார். என் பொண்ணு படத்தையெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தர் கடையிலயா? வேணாம், நானே பாத்துக்கறேன்னு அனுப்பிட்டேன்.

பாஸ்வேர்டு ஞாபகம் வந்துடும்னு நம்பிக்கை. தினம் உக்காந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். வனஜா, ஈரோட்டுல அண்ணன் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, அங்க போய்ப் பாத்துட்டு வந்துடறேன்னா. இந்த வாரம் சரியாயிடும், எதுக்கு அலைச்சல்னேன். பிரவுசிங் சென்டர் போலாம்னா. கண்டவனும் உக்காந்து எந்திரிச்சுப் போற இடத்துல வயித்துப் புள்ளைக்காரியைப் பாக்கிறதான்னு கேட்டேன். சரியாத்தானே கேட்டேன்? அடுத்த வாரம் மறுபடி கேட்டா. அடுத்த வாரம்னேன்.

போன் இருந்துச்சு சார். போன் இல்லாம இல்ல. சுகந்தி போன் பண்ணிக்கிட்டேதான் இருந்தா. நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மான்னு அவளும் சொல்லிக்கிட்டேதான் இருந்தா. ஒரு நாள், பேச்சுவாக்குல, செருப்பு எல்லாம் டைட்டா இருக்கும்மான்னு சொல்லியிருக்கா. வனஜாவுக்கு அன்னிக்கு சோறு இறங்கல. கால் வீங்குதுங்க, பிரஷர் ஏறினா அப்படித்தான் ஆகும், நான் பாக்கணும்னா. குளிர் ஊரு, தடிச்ச சாக்ஸ் போட்டிருப்பாடின்னேன். இன்னொரு நாள், மோதிரம் கழட்ட வரலைன்னாளாம். இவ ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தா. அவதான் நல்லா இருக்கேன்னு வாயால சொல்றாளே, அது போதாதா உனக்குன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். எனக்கும் எரிச்சல். பாஸ்வேர்டு வரலைன்னு ஒரு பக்கம் மண்டை காயுது, இவ ஒரு பக்கம்.

சேலம் வந்துடுச்சா? டீ குடிக்கிறீங்களா? எனக்கு வேணாம், இதை விட்டுட்டு இறங்க முடியாது. நீங்க குடிச்சுட்டு வாங்க.

வந்துட்டீங்களா. எங்க விட்டேன்?

ஒரு மத்தியானம் மாப்பிள்ளை போன் பண்ணினார். சுகந்திக்குக் காலையில கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொல்லியிருக்கா, அப்புறம் வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. பிரஷர் எங்கேயோ ஏறிக்கிடக்கு. குழந்தையை உடனே எடுத்தாத்தான் ரெண்டு உசிரும் தங்கும்னு எடுத்துட்டாங்க. எட்டு மாசம்கூட நிறையல. பொண் குழந்தை. உள்ளங்கையில வச்சா வழியாது, அவ்வளவுதான். கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்க மாமான்னு சொல்லிட்டு மாப்பிள்ளை அழறார். பெரிய படிப்பு படிச்ச பையன், போன்ல தேம்பித் தேம்பி அழறான் சார். சுகந்தி எப்படி இருக்கான்னு கேட்டா, இன்னும் கண்ணு முழிக்கலைங்கறார்.

நான் வனஜாகிட்ட சொன்னேன். அவ அழல. அடுப்பை அணைச்சா. பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்னு நான் வெளிய போனேன், அங்க பணம் அனுப்ப வேண்டியிருக்குமோன்னு. திரும்பி வந்தா வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டு பிரேமகுமாரி டீச்சர் சாவியை நீட்டறாங்க. அக்கா ஈரோட்டுக்கு பஸ் ஏறிட்டாங்கன்னாங்க. உள்ள போய்ப் பாத்தா எனக்கு சாப்பாடு எடுத்து மூடி வச்சிருக்கு. தனியா ஒரு ஊருக்குப் போகாதவன்னு சொன்னேனே. போயிட்டா. சேலத்துல வண்டி மாறி, மச்சான் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கா.

அங்க மச்சான் மருமக கம்ப்யூட்டரைப் போட்டுக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து காட்டியிருக்கார். சுகந்தி கண்ணு முழிச்சது ரெண்டு நாள் கழிச்சு. வனஜா பாத்த அன்னிக்கு அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மச்சான்தான் சொன்னார். கண்ணு ரெண்டும் உள்ள போய், உதடு தடிச்சு, நம்ம பொண்ணுன்னே அடையாளம் தெரியலைங்கன்னார். அன்னிக்கு ராத்திரி வனஜா எனக்கு போன் பண்ணினா. ஒரே ஒரு வாக்கியம்.

"இந்த வீக்கம் ஒரே நாள்ல வந்தது இல்லைங்க. பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். வச்சுட்டா. அதுக்கப்புறம் போன் பண்றா, பேசறா, இல்லைன்னு சொல்லல. குழந்தை இன்னிக்கு இவ்வளவு கூடியிருக்கு, டியூபை எடுத்துட்டாங்க, சாப்பிட்டீங்களா, பால்காரன் வந்தானா. எல்லாம் கேக்கறா. வீட்டுக்கு எப்ப வரேன்னு கேட்டா மட்டும் பதில் சொல்றதில்ல. பாக்கலாம்ங்கறா.

என்ன அர்த்தம் அதுக்கு? ஒரு ஃபயர்வால் போட்டவன் வலிப்பு வர வச்சுட்டானா? அங்க டாக்டர் இல்லையா? அவ்வளவு பெரிய நாடு, மாசா மாசம் பாக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியாதது கிருஷ்ணகிரியில உக்காந்துக்கிட்டு கேமராவுல பாத்தா இவளுக்குத் தெரிஞ்சுடுமா? இதைத்தான் சார் நான் கேக்கறேன்.

ஆள் இல்லாத வீட்டுல உக்காந்துக்கிட்டு யோசிச்சேன். அப்பதான் அந்தப் படம் ஞாபகம் வந்துச்சு. வளைகாப்பு அன்னிக்கு, கம்ப்யூட்டர் கறுப்பாகுறதுக்கு முன்னாடி, வனஜா பிடிச்சு வச்ச படம். வெளிய போறதையும் உள்ள வர்றதையும்தான் தடுத்திருக்கே தவிர, உள்ள இருக்கிறதைப் பாக்கலாம். திறந்து பாத்தேன். பச்சைப் புடவை, கையில ஒரே ஒரு வளையல். சிரிக்கிறா. கண்ணுக்குக் கீழ பாத்தேன். பூசின மாதிரி இருக்கு சார். சத்தியமா இருக்கு. விரலைப் பாத்தேன். அதுவும் லேசா. அப்ப வீக்கம் அன்னிக்கே இருந்திருக்கு. லைன் இருக்கும்போதே இருந்திருக்கு. வனஜாவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா, தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அழகாயிட்டான்னாங்களே தவிர வீங்கியிருக்குன்னு ஒருத்தியும் சொல்லல. அப்ப பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்னு சொல்றது எப்படி நியாயம்? நீங்களே சொல்லுங்க.

அந்தப் படம்தான் இதுக்குள்ள இருக்கு. இதை மச்சான் வீட்டு டிவி மாதிரி ஒண்ணு இருக்கே, அதுல மாட்டி, வனஜாவை உக்கார வச்சுக் காட்டப் போறேன். பாரு, நல்லாப் பாருன்னு.

சில நாள் பாத்தா வீங்கினது தெரியும். சில நாள் பாத்தா ஒண்ணும் தெரியாது, சும்மா பொண்ணு சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். பெருசு பண்ணிப் பாத்தேன். கன்னத்துக்கிட்ட போகப் போக கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. இன்னும் பெருசு பண்ணினா அது முகமே இல்ல, வெறும் கலர். திரும்பச் சின்னதாக்கிட்டேன். ஒரு வாரமா இதேதான் என் வேலை. காலையில எந்திரிச்சா படம், சாப்பிட்டுட்டுப் படம்.

இன்னிக்கு ஏன்னு கேக்கறீங்களா? இன்னிக்கு சாயங்காலம் குழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க. கண்ணாடிப் பொட்டியில இருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர்ல எல்லாரும் பாக்கப் போறாங்க. காதுல மூணு தரம் பேர் சொல்லணும்ல, அதை எங்கப்பா வாயால சொல்லணும்னு சுகந்தி சொன்னாளாம். வனஜாதான் போன்ல சொன்னா. நேரத்தோட வாங்க, அவ காத்துக்கிட்டு இருப்பான்னா. நான் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வரேன், உனக்கு ஒண்ணு காட்டணும்னேன். பொட்டி எதுக்குங்க, நீங்க வாங்கன்னா.

பொட்டி எதுக்குங்கறா. ஆதாரம் இல்லாம போய் நிக்கச் சொல்றா. மச்சான் சம்சாரம் எப்படிப் பாக்கும், அந்த மருமகப் பொண்ணு எப்படிப் பாக்கும்? அதனாலதான் காலையிலேயே ஒயரையெல்லாம் கழட்டி, போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

சங்ககிரி தாண்டிட்டோமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

என்ன கேட்டீங்க?

அவ ஒத்துக்கிட்டான்னா என்னவா? ஒத்துக்கிட்டான்னா... வீக்கம் அன்னிக்கே இருந்துச்சுன்னு வனஜா ஒத்துக்கிட்டான்னா, அப்ப என் மேல குத்தம் இல்லைன்னு ஆகும். அவ்வளவுதானே.

இல்ல, நீங்க கேக்கிறது புரியுது. அன்னிக்கே இருந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு அன்னிக்கே உடம்பு சரியில்லாமத்தான் உக்காந்து சிரிச்சிருக்கு. அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல... அதுக்கப்புறம் யாரும் பாக்கல.

நானும் அங்கதான் சார் நின்னேன். அவளுக்கு நேரா. மூலையில வந்த கட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க. இல்ல, இதை நானே பிடிச்சுக்கறேன். சரி, கொஞ்சம் பிடிங்க. கனமாத்தான் இருக்கும்.

என்ன பேர்னு கேக்கலையே நீங்க. நானும் கேக்கல. வந்ததும் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. ஒரு தரம் சொல்லிப் பாத்து வச்சுக்கிட்டா நல்லது, அங்க போய் நாக்கு குழறக் கூடாது. குழந்தைக்கு என் குரலே தெரியாது. சுகந்திக்கிட்ட மட்டும் நேத்து பேசினேன். எப்படிம்மா இருக்கேன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்ப்பான்னா. வீக்கம்? எல்லாம் வடிஞ்சிடுச்சுப்பான்னா. மாப்பிள்ளையும் வடிஞ்சிடுச்சுங்கறார். வனஜாவும் அதையேதான் சொல்றா.

பள்ளிபாளையம் வந்துடுச்சு, ஆறு தெரியுது பாருங்க. பாலம் தாண்டினா ஈரோடு. எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க சார். போன்ல சொல்றாங்க. போன்ல சொன்னா போதுமா? அவ முகத்தை நான் பாக்க வேணாமா?